ஆயிரம் மைலுக்குப் பத்து லிட்டர்

விளக்கெண்ணெய் குடித்திருக்கிறீர்களா?

என் தலைமுறையில் அநேகமாக எல்லோரும் குடித்திருப்போம். லீவு நாளில், விடிந்தும் விடியாமல், வெறும் வயிற்றில். பாட்டி ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் ஊற்றுவார். அன்று முழுக்க வாசல் பக்கம் தலைகாட்ட முடியாது. கொல்லைப்புறமே கதி.

அதே விளக்கெண்ணெயைத்தான் ஒரு காலத்தில் போர் விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் ஊற்றினார்கள் என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பி.காம். படித்தவன். எஞ்சினைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருகினால் அது உறுமும், மாசக் கடைசியில் பில் வரும். ஆனால் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது, எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது என்கிற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அது முதல் உலகப் போரில் போய் நிற்கிறது. சரி, அங்கிருந்தே வருவோம்.

1914-18 காலத்துப் போர் விமானங்கள் பலவற்றில் இருந்தது ரோட்டரி எஞ்சின். விசித்திரமான சாதனம். உள்ளே இருக்கும் தண்டு அசையாமல் நிற்கும். அதைச் சுற்றி எஞ்சின் மொத்தமும் கரகரவென்று சுழலும், விமானத்தின் விசிறியையும் சேர்த்துக்கொண்டு. இப்படிச் சுழலும் ஒரு பொருளின் அடியில் பாத்திரம் வைத்து எண்ணெயைத் தேக்கி வைக்க முடியுமா? முடியாது. எனவே காற்றோடு கலந்த பெட்ரோல் போகிற பாதையிலேயே எண்ணெயையும் அனுப்பிவிட்டார்கள். உயவு முடிந்ததும் அது புகையோடு வெளியே பறந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தியது திரும்பி வராது. நம் கேள்விக்கு அன்று பதில் ரொம்ப சுலபம்: எப்போது ஆயில் மாற்றுவது? பறக்கும்போதே, ஒவ்வொரு நிமிஷமும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பூமிக்கடியில் தோண்டி எடுக்கும் சாதாரண மினரல் ஆயில், பெட்ரோலைக் கண்டால் கரைந்துபோகும். கரைந்தால் நீர்த்துவிடும். நீர்த்தால் உலோகத்தை உலோகம் உரசும். கதை முடிந்தது. விளக்கெண்ணெயோ பெட்ரோலோடு லேசில் கலக்காது. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு பிடிவாதமாக நிற்கும். அதனால் சாப்வித் கேமல் போன்ற பிரிட்டிஷ் விமானங்கள் லிட்டர் லிட்டராக விளக்கெண்ணெய் குடித்தன. வெளியே பறந்த எண்ணெய்ப் புகை நேராக விமானியின் முகத்தில். கண்ணாடியில், மூக்கில், வாயில். விமானிகள் வயிறு கலங்கித் தரையிறங்கிய கதைகள் ஏராளம். என் பாட்டிக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சிரிப்பை நிறுத்திவிட்டு எதிர்த்தரப்பையும் பார்க்கவேண்டும். ஜெர்மனியைக் கடல் வழியில் முற்றுகையிட்டிருந்தார்கள். ஆமணக்கு எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வேறு வழியில்லாமல் மாற்று எண்ணெய் தயாரித்து ஊற்றினார்கள். மூன்று அடுக்கு இறக்கையோடு மிரட்டிக்கொண்டிருந்த ஃபோக்கர் விமானத்தின் ரோட்டரி எஞ்சின்கள் அந்த எண்ணெயைத் தாங்கவில்லை. 1918 கோடையில் எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. ஆகாயத்தில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைத் தேட முடியாது, பாருங்கள். எந்த எண்ணெய் ஊற்றுவது என்பது அன்றைக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

இந்தப் போருக்குக் கொஞ்சம் முன்பே, லண்டனில் ஒரு வியாபாரி இந்த எண்ணெயின் மகிமையைக் கண்டுகொண்டிருந்தார். சார்ல்ஸ் வேக்ஃபீல்ட். 1899இல் சொந்தமாக எண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தவர். பிற்பாடு லண்டன் மாநகர மேயராகவும் இருந்தவர். அவருடைய கம்பெனி 1909இல் கொண்டுவந்த புது எஞ்சின் ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்ந்திருந்தது. ஆங்கிலத்தில் விளக்கெண்ணெய்க்குப் பெயர் காஸ்டர் ஆயில். அதையே கொஞ்சம் முறுக்கி காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார்கள். இன்று பெட்ரோல் பங்க்கில் அந்தப் பச்சை சிவப்பு டப்பாவைப் பார்க்கும்போது, அதன் பெயரில் ஆமணக்கங்கொட்டை ஒளிந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேஸ்காரர்களுக்கு விளக்கெண்ணெய் ஆயில் ரொம்பப் பிடித்துப்போனது. எரியும்போது ஒரு தனி வாசனை. அந்த வாசனைக்காகவே பந்தயத் திடலுக்குப் போன ஆட்கள் உண்டு. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் இருந்தது. சூட்டில் கிடந்து கிடந்து கோந்து மாதிரி ஆகிவிடும். உள்ளே அரக்குப் பூச்சுப் போல் படிந்துவிடும். பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுகிற ரேஸ்காரனுக்கு அது பெரிய விஷயமில்லை. காலையில் ஆபீசுக்கும் சாயங்காலம் கடைவீதிக்கும் போகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. எனவே சாலைக் கார்களுக்கு மினரல் ஆயிலே நிலைத்தது.

அமெரிக்காவின் ஆட்டோமொபைல் எஞ்சினியர்கள் சங்கமான எஸ்.ஏ.ஈ., 1911இல் ஆயிலின் கெட்டித்தன்மையை வகைப்படுத்தியது. அங்கிருந்துதான் இன்று டப்பாவில் நாம் பார்க்கும் 20, 30, 40 எல்லாம் வந்தன. எண் கூடினால் ஆயில் கெட்டி. இதில் நிறையப் பேருக்கு ஒரு மயக்கம் உண்டு. கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில், வேகமாகப் போகிற காருக்கு ரொம்பக் கெட்டியான ஆயில். மெக்கானிக்குகளிலேயே பாதிப்பேர் இதைச் சொல்வார்கள். எஞ்சினுக்குள் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தலைமுடி கனம்கூட இல்லை. அந்தச் சந்துக்குள் ஆயில் போய்ச் சேரவேண்டும், சேர்ந்த பிறகு அழுத்தத்தில் பிய்யாமல் நிற்கவேண்டும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் போய்ச் சேராது. ரொம்பத் தண்ணியாக இருந்தால் நிற்காது. போதாக்குறைக்குக் காலையில் ஜில்லென்று இருக்கும்போது தேனாக இருக்கும் அதே ஆயில், சூடேறினால் ரசமாகிவிடும்.

இப்போது கதாநாயகன் வருகிறார்.

1952இல் மெர்சிடிஸ் பென்ஸ் ஒரு ரேஸ் காரோடு களமிறங்கியது. உலகப் போரில் நொறுங்கிப்போன ஜெர்மனி, திரும்ப எழுந்து நின்ற நேரம். 300 எஸ்.எல். என்று பெயர். அந்த ஒரே வருஷத்தில் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயம், மெக்சிகோவின் காரேரா பானமெரிகானா இரண்டையும் தட்டிச் சென்றது. நியூயார்க்கில் வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த மாக்ஸ் ஹாஃப்மன் என்பவர், இதையே கொஞ்சம் மாற்றி சாலைக் காராகக் கொடுங்கள், அமெரிக்கப் பணக்காரர்களிடம் நான் விற்றுக் காட்டுகிறேன் என்று கம்பெனியை நச்சரித்தார். 1954 பிப்ரவரியில், நியூயார்க் கண்காட்சியில் அந்தக் கார் திரை விலகியது. கதவுகள் மேல்நோக்கித் திறந்தன, கடற்பறவை இறக்கையை விரித்தது போல. பார்த்தவர்கள் கிறங்கிப்போனார்கள். ஹாலிவுட்டின் கிளார்க் கேபிள் ஒன்று வாங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், பந்தயத்தில் ஓடிய காரைவிடக் கடையில் விற்ற காருக்குத்தான் சக்தி அதிகம். காரணம், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் முறை. இதற்குப் பூர்விகம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானம். போருக்குப் பின் ஜெர்மனி விமானம் செய்யக்கூடாது என்று நேச நாடுகள் தடை போட்டன. அந்த மூளையெல்லாம் காருக்குள் புகுந்தது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினோடு விற்பனைக்கு வந்த கார்களில் இந்த நேரடி இன்ஜெக்ஷன் முதலில் வந்தது இதில்தான்.

ஆயில் விஷயத்திலும் ரேஸ் கார் புத்திதான். சாதாரணக் காரில் எஞ்சினுக்கு அடியிலேயே ஒரு தொட்டி, அதில் ஆயில் கிடக்கும். வேகமாக ஒரு வளைவில் திரும்பினால் என்ன ஆகும்? சாம்பார் வாளியோடு டவுன் பஸ்ஸில் ஏறிய சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அதை உறிஞ்சவேண்டிய பம்ப் காற்றை உறிஞ்சும். எனவே 300 எஸ்.எல்.லில் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்தார்கள். டிரை சம்ப் என்பார்கள். அடியில் தொட்டி இல்லாததால் எஞ்சினையும் தாழ்வாக உட்காரவைக்க முடிந்தது. மொத்தம் பத்து லிட்டர் ஆயில். நம் ஊர்ச் சின்னக் காருக்கு மூன்று லிட்டர் சொச்சம் போதும். கூடவே, ஆயில் கொதித்துவிடாமல் இருக்கப் பெரிய ஆயில் கூலர். மணிக்கு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடிய காருக்கு இதெல்லாம் அவசியம்தான்.

ஆனால் வாங்கினவர்கள் யார்? பந்தய வீரர்கள் கொஞ்சம் பேர். மிச்சமெல்லாம் சீமான்கள். பத்துத் தெரு தள்ளியிருக்கிற கிளப்புக்குப் போவார்கள், நிறுத்துவார்கள், ஊர் பார்க்கக் கதவைத் தூக்குவார்கள்.

பிரச்னை அந்த ‘நிறுத்துவார்கள்’ என்ற இடத்தில் இருந்தது. பெட்ரோலைப் பீய்ச்சுகிற பம்ப், எஞ்சினோடு இணைந்து ஓடுகிற இயந்திர பம்ப். சாவியைத் திருகி அணைத்தால் தீப்பொறி உடனே நின்றுவிடும். எஞ்சின் ஒரேயடியாக நிற்காது, சில சுற்று சுற்றித்தான் ஓயும். அது சுற்றுகிற வரைக்கும் பம்ப் தன் கடமையை விடாது. எரியாத பெட்ரோல் சிலிண்டருக்குள் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அது சிலிண்டர் சுவரில் மெல்லிசாகப் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே போய், தொட்டியில் இருக்கிற ஆயிலோடு கலந்துவிடும். விளக்கெண்ணெயை விட்டு வந்த பிறகு பழைய எதிரி பின்வாசல் வழியாக வந்துவிட்டான்.

வேகமாக, வெகுதூரம் ஓட்டினால் பரவாயில்லை. ஆயில் நன்றாகச் சூடேறி, கலந்த பெட்ரோல் ஆவியாகப் போய்விடும். கிளப்புக்குப் போகிற சீமான் எங்கே சூடேற்றப் போகிறார்? பத்து லிட்டர் ஆயில் லேசில் சூடாகாது. கொஞ்சம் சூடானாலும் அந்த மகா கூலர் ஆறவைத்துவிடும். ரேஸ் டிராக்கில் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வைத்த இரண்டு ஏற்பாடும், தெருவில் எஞ்சினைக் கெடுப்பதற்கு ஒத்தாசை செய்தன. பல உரிமையாளர்கள் கூலருக்குக் காற்று போகாமல் அடைத்து வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றவேண்டும் என்பது சிபாரிசு.

ஆயிரம் மைல் என்பது 1,609 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு இரண்டாவது தடவை போய்த் திரும்பி வருவதற்குள் பத்து லிட்டர் ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றவேண்டும். நம்மூர் டாக்சி டிரைவரிடம் சொன்னால் அடிக்க வருவார். ஆனாலும் கணக்குப் பார்த்தால் அது செலவே இல்லை. கூப்பே 1,400, பிறகு 1957 முதல் 1963 வரை வந்த திறந்த கூரை ரோட்ஸ்டர் 1,858. செய்தது அவ்வளவுதான். பழைய கூப்பே ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் மில்லியன் டாலருக்கு மேல் போகிறது. மாற்றிய ஒவ்வொரு லிட்டரும் மூலதனக் கணக்கில் ஏறியிருக்கிறது என்றுதான் என் காமர்ஸ் புத்தி சொல்கிறது.

இதற்கு நடுவே ஆயிலும் சும்மா இருக்கவில்லை. குளிரில் ஒரு எண் போலவும் சூட்டில் இன்னொரு எண் போலவும் நடந்துகொள்கிற மல்ட்டிகிரேட் ஆயில் 1950களில் பரவ ஆரம்பித்தது. நம்ம பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 அந்த ஜாதி. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். பிரிட்டனில் 1959இல் வந்த மினி காரில், இடத்தை மிச்சம் பிடிக்க கியர்பாக்ஸையும் எஞ்சின் ஆயிலிலேயே முக்கிவிட்டார்கள். பற்சக்கரங்கள் ஆயிலை அம்மியில் போட்ட மாதிரி அரைத்தன. அந்தக் காருக்கென்றே டக்கம்ஸ் என்ற கம்பெனி 20டபிள்யூ-50 கொண்டுவந்தது. மான்டி கார்லோ ராலியை 1964, 65, 67 என்று மூன்று தடவை ஜெயித்த குட்டிக் கார் அது.

அடுத்து சிந்தடிக். ஜெட் எஞ்சின்களின் சூட்டையும் குளிரையும் மினரல் ஆயில் தாங்காது என்பதால் அதற்கு ரசாயன முறையில் தயாரித்த எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க ஜெட் போர் விமானி ஆல்பர்ட் அமட்டூசியோ இதைப் பார்த்துவிட்டு, காருக்கும் ஊற்றினால் என்ன என்று யோசித்தார். 1972இல் அவருடைய ஆம்சாயில் வந்தது. 1970களின் நடுவில் மொபில் 1. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1992இல் செவர்லே கார்வெட் தொழிற்சாலையிலிருந்தே மொபில் 1 ஊற்றி வந்தது. சூட்டைத் தாங்குகிற ஆயில் இருக்கும்போது கூலர் எதற்கு என்று அதைக் கழற்றியும் விட்டார்கள். 300 எஸ்.எல். ஓட்டியவர்கள் அடைத்து வைத்த அதே கூலர்!

எந்த ஆயில் என்பதில் இன்றுவரை ஒருமித்த பதில் கிடையாது. 2000களின் பி.எம்.டபிள்யூ எம்3, நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றுகிற எஞ்சின், 10டபிள்யூ-60 கேட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த டொயோட்டா 86, அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான், அமெரிக்காவில் 0டபிள்யூ-20 கேட்டது. ஒன்று தேன், இன்னொன்று தண்ணீர். எம்3க்கு 20ஐ ஊற்றினால் பேரிங் தாங்காது. இதில் ‘நல்ல ஆயில்’ எது என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த எஞ்சினை வடித்தவன் எத்தனை மைக்ரான் சந்து விட்டிருக்கிறானோ, எந்தச் சூட்டை எதிர்பார்த்தானோ, அதற்குத்தான் எண்.

எப்போது மாற்றுவது என்பது இன்னும் பெரிய கூத்து. அமெரிக்காவில் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை என்பது வேதவாக்கு மாதிரி பல பத்தாண்டுகள் ஓடியது. பத்தே நிமிஷத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு. அவர்களுக்கு அந்த வேதம் ரொம்ப சௌகரியம். இதைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் ஷெர்லி ஷ்வார்ட்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியலாளர். கார்களை வெவ்வேறு விதமாக ஓட்டவைத்து ஆயிலைச் சோதித்தது அவருடைய குழு. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் காரில் ஆயில் ரொம்ப நாள் உழைக்கிறது. கடும் சூட்டில் பாரம் இழுக்கும் காரில் சீக்கிரம் கருகுகிறது. குளிர்ந்த எஞ்சினோடு கிளம்பி, சூடேறுவதற்குள் அணைத்துவிடும் காரில்? பெட்ரோலும் தண்ணீரும் சேர்ந்து ஆயில் நாசமாகிறது, மைல் மீட்டர் நகராமலே. 1980களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இந்தக் கணக்கைப் போடும் கருவி வந்தது. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, ஆயில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்று எண்ணிக்கொண்டே வந்து, இனி மாற்று என்று விளக்குப் போடும். நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை காரே வேவு பார்க்கிற ஏற்பாடு. கார்வெட் ஓட்டுகிற பந்தயப் பிரியனுக்கும், அதே கார்வெட்டில் கோயிலுக்குப் போகிற பெரியவருக்கும் விளக்கு வேறு வேறு நாளில் எரியும்.

நேரடி இன்ஜெக்ஷன் பிற்பாடு திரும்பி வந்தது. இப்போது பம்ப்பை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அணைத்தால் பெட்ரோலும் நிற்கும். தீர்ந்தது பிரச்னை என்றுதான் நினைத்தார்கள். 2018இல் சீனாவின் குளிர்ப் பிரதேசங்களில் ஹோண்டா கார் வைத்திருந்தவர்கள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்துத் திகைத்தார்கள். ஆயில் குறைய வேண்டியது போய், மட்டம் ஏறிக்கொண்டிருந்தது! முகர்ந்தால் பெட்ரோல் வாடை. 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், நேரடி இன்ஜெக்ஷன், உறையும் குளிர், குட்டிக் குட்டிப் பயணங்கள். லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. சி.ஆர்-வி விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள்.

இதையெல்லாம் நான் படிக்க ஆரம்பித்த காரணத்தைச் சொல்லவில்லையே. என்னுடையது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஒன்பது வருஷப் பழைய சின்னக் கார். வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். புத்தகத்தில் பத்தாயிரம் என்று போட்டிருக்கிறது, பன்னிரண்டு மாசம் என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான் பெரிய எண்ணை மட்டும் படித்துக்கொண்டேன். நாலு வருஷம் ஆயில் மாற்றவில்லை. மிச்சம் பிடித்த பெருமை வேறு.

ஒரு மழைக்காலத்தில் எஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம். மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகிக் கையில் எடுத்தார். மூடியின் உள்பக்கம் வெண்ணெய் தடவின மாதிரி வெளுத்த மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்து என் முன்னால் நீட்டினார்.

“தண்ணியும் ஆயிலும் கலந்து கடைஞ்சது சார். கார் தினம் எவ்ளோ ஓடுது?”

சொன்னேன். அவர் மூடியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“வாரத்துல ஒரு நாளாச்சும் மகாபலிபுரம் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வரக்கூடாதா சார்?”

பில் இருபத்தெட்டாயிரம் ரூபாய்.